உயிர் காக்கும் கடமையும் வணிகர் சமுதாயமும்

(மார்க்கச் சொற்பொழிவு)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பம் செய்கின்றேன். புகழ் அனைத்தும் அவனுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! செனாய்க் கடைத்தெருவிலும், கூலாயிலும், ஜொகூர் பாருவிலும் வணிகம் நடத்திவரும் முதலாளிமார்களே! வாலிபச் சகோதரர்களே!

இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விஷயம் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். அபின் இனத்தைச் சேர்ந்த போதைப்பொருள்களால் மாண்டுபோகும் மனிதர்களைப் பற்றியும், அந்த மரணங்களைத் தடுக்கும்படி சர்க்காரிடம் நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டிய கடமையைப் பற்றியும் பேச விரும்புகின்றேன். “இது போலீஸாரும் டாக்டர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமாயிற்றே! நமக்கென்ன வந்தது?” என்று சிலர் உள்ளத்தில் கேள்வி எழும். கேள்வி நியாயமானதே. அதற்கு மார்க்கமே விடை தரட்டும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்-மாயிதா நமக்குப் போதிக்கின்றது. வாழவைப்பதைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அந்த உயிர் தொழுகையாளியுடையதா, பாவியுடையதா என்று தரம் பிரிக்கப்படவில்லை. உயிர் என்றால் உயிர்தான். அதைக் காக்க வழியிருந்தும் கைகட்டி நின்றவனிடம் நாளை மறுமையில் கேள்வி உண்டா, இல்லையா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

எவ்வாறு நேருகிறது இம்மரணம்?

அபின், மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் ஆகியன யாவும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவை. கடும் வலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகளும், சிலவகை இருமல் மருந்துகளில் கலந்துள்ள கொடீனும் இவற்றிற்கு உறவுதான். அளவு மீறி உடலில் சேர்ந்துவிட்டால், மூச்சை நடத்தும் மூளையின் பகுதியை இவை மந்தமாக்கிவிடுகின்றன. ஆள் உறங்குவதைப் போலக் கிடப்பார். குறட்டை போன்ற ஓர் ஒலி கேட்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். பிறகு மூச்சு நின்றுவிடும். பக்கத்து அறையில் இருப்பவர்கள், “பையன் அயர்ந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஸுபுஹு நேரத்தில் வந்து பார்த்தால் மய்யித்துக் கிடக்கும்.

இதற்கு மாற்று மருந்து இல்லாமலில்லை. நலோக்ஸோன் என்று அதற்குப் பெயர். மூக்கில் பீய்ச்சியோ, ஊசி வாயிலாகவோ செலுத்தினால் சில நிமிடங்களில் நின்றுபோன மூச்சு திரும்பி வருகின்றது. அதன் சக்தி சற்று நேரமே நிற்கும். ஆகையால் ஆளை உடனே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் இம்மருந்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கின்றது. அத்துடன், போதைக்கு ஆளானவரின் பக்கத்தில் இருக்கக்கூடிய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் இது கிடைக்கச் செய்யவேண்டும், பயன்படுத்தும் முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பரிந்துரை செய்தது. 2019ஆம் ஆண்டில் போதைப்பொருள்களின் காரணத்தால் உலகில் மாண்டவர்கள் ஏறத்தாழ 6,00,000 பேர் என்றும், அம்மரணங்களில் சுமார் 80 விழுக்காடு அபின் வர்க்கத்துடன் தொடர்புடையவை என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

நம் நாட்டில் இன்று சியாபு போன்ற வேறு வகைகள் பெருகியுள்ளன; அவற்றிற்கு இந்த மாற்று மருந்து வேலை செய்யாது. ஆயினும் ஹெராயின் ஒழிந்துபோய்விடவில்லை.

இன்னொரு செய்தியை ஒவ்வொரு குடும்பத்தாரும் மனத்தில் பதியவைத்துக்கொள்ள வேண்டும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ ஒருவர் வெளியே வந்த முதற் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. உள்ளே இருந்த காலத்தில் உடல் போதையின் பழக்கத்தை விட்டுவிட்டிருக்கும். வெளியே வந்து, மனம் தளர்ந்து, பழைய அளவையே ஒருமுறை எடுத்துக்கொண்டால் அந்த அளவே அவரைக் கொன்றுவிடும். “பிள்ளை திருந்தி வந்துவிட்டான்” என்று பெற்றோர் நிம்மதியடையும் சமயத்திலேயே இந்தச் சாவு வந்து சேர்கின்றது.

மூடி மறைக்கும் வெட்கம்

இத்தகைய ஒரு மரணம் நேர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? “நெஞ்சுவலி” என்று சொல்லிவிடுகின்றோம். மய்யித்தைக் குளிப்பாட்டியவர்கள் கையிலுள்ள ஊசித் தழும்பைக் கண்டும் வாய் திறப்பதில்லை. இறந்தவரின் குறையை மறைப்பது மார்க்கம் விரும்பும் நற்குணமே. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஒரு தனி மனிதரின் பெயரை மறைப்பது வேறு. ஊரையே பிடித்துள்ள ஒரு நோயை மறைப்பது வேறு. கடையில் சரக்கு களவு போனால் பேரேட்டில் எழுதாமல் விடுவோமா? எழுதாமல் விட்ட நஷ்டத்துக்கு எந்த முதலாளியாவது பரிகாரம் தேடியதுண்டா? கணக்கில் வராத சாவுக்காகச் சர்க்காரிடம் போய் எதைச் சொல்லிக் கேட்பது?

வெட்கத்தோடு அச்சமும் சேர்ந்துகொள்கின்றது. 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஒருவர் தம் உடலில் போதைப்பொருளைச் செலுத்திக்கொள்வதையே குற்றமாக்குகின்றது. நண்பன் நீலம் பாரித்துக் கிடக்கையில், “999க்கு அழைத்தால் போலீஸ் வருமே, நானும் அகப்பட்டுக்கொள்வேனே” என்று பயந்து உடனிருப்பவன் ஓடிவிடுகிறான். ஓடும் அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் பிரிந்துவிடுகின்றது.

பெருமானார் காட்டிய பாதை

போதை ஹராம் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. மயக்கம் தருவது யாதாயினும் அது விலக்கப்பட்டதே. அதிகம் மயக்கினால் அதில் கொஞ்சமும் ஹராமே. இதைத் தளர்த்திப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஹராமில் விழுந்துவிட்ட மனிதரை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கின்றது. அப்துல்லாஹ் என்னும் பெயருடைய ஒரு மனிதர் மதீனாவில் இருந்தார். வேடிக்கையாகப் பேசிப் பெருமானாரைச் சிரிக்க வைப்பார். அவரிடம் குடிப்பழக்கம் இருந்தது. அதற்காகத் தண்டிக்கவும் பட்டார். ஒருமுறை மறுபடியும் அவர் கொண்டுவரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர், இவன் எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான் என்று சினந்து அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவரைச் சபிக்க வேண்டாமென்றும், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும் கூறியருளினார்கள். இதைப் போன்ற மற்றோர் அறிவிப்பில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

சகோதரர்களே! குற்றம் குற்றமென்றே கொள்ளப்பட்டது. தண்டனையும் தள்ளுபடியாகவில்லை. ஆனால் அந்த மனிதர் ஜமாஅத்திலிருந்து துரத்தப்படவில்லை. அவருடைய ஈமான் மறுக்கப்படவில்லை. இன்று போதையில் விழுந்த ஒரு வாலிபனைப் பார்த்து, “செத்துத் தொலைந்தால் நல்லது” என்று நம் நாவில் வருகின்றதே, அது யாருக்குச் செய்யும் உதவி?

மேலும், எந்த நோய்க்கும் மருந்தை இறைவன் இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நாயகத்தின் போதனை. போதைப் பழக்கம் மனத்தையும் மூளையையும் பற்றிய நோயென்று வைத்திய சாஸ்திரம் இன்று தெளிவாகச் சொல்கின்றது. நோயென்றால் மருந்து வேண்டும். அந்த மருந்தை ஊருக்கெல்லாம் கொண்டு சேர்க்கும் சக்தி சர்க்காரிடம்தான் உள்ளது. ஆகவே சர்க்காரிடம் கேட்பது நம்மீது கடமையாகின்றது.

ஒரு வியாபாரியின் கூக்குரல்

கூட்டமாகச் சேர்ந்து நியாயம் கேட்பது மேனாட்டாரிடமிருந்து வந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். நபித்துவத்துக்கு முன்பே, சுமார் இருபது வயது வாலிபராயிருந்த காலத்தில் பெருமானார் கலந்துகொண்ட ஓர் உடன்படிக்கை உண்டு. அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல்.

யமன் தேசத்து ஸபீத் என்னும் ஊரிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். குறைஷிப் பிரமுகர்களில் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு கிரயத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். அந்நியரான வியாபாரிக்கு ஊரில் ஆதரவில்லை. அவர் அபூகுபைஸ் குன்றின் மீது ஏறி நின்று தமக்கு நேர்ந்த அநீதியை உரக்கக் கூவினார். அதைக் கேட்ட சில குடும்பத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பாரின் இல்லத்தில் கூடினர். மக்காவில் அநீதிக்குள்ளானவர் எவராயினும், உள்ளூராரோ வெளியூராரோ, உரிமை கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று சபதம் செய்தனர். நேரே ஆஸிடம் சென்றனர். வியாபாரிக்குச் சேரவேண்டியதை வாங்கிக் கொடுத்தனர். பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உடன்படிக்கையைப் பெருமையுடன் நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகத் தெரிவித்தார்கள்.

வணிகர் சமுதாயமே! ஒரு வியாபாரியின் கூக்குரலிலிருந்து பிறந்தது அந்த உடன்படிக்கை. அதில் சேர்ந்த மற்றவர்கள் அன்று முஸ்லிம்கள் அல்லர். நன்மைக்காகப் பிற சமயத்தாருடன் கைகோக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இந்த மண்ணின் அனுபவம்

கேட்டால் கிடைக்குமா என்ற ஐயம் சிலருக்கு வரலாம். நம் காலடியிலுள்ள ஜொகூர் மண்ணே அதற்குச் சான்று பகரும். இன்று கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் கம்பீரும் பயிரிட ஆற்றங்கரைகள் சீனத் தலைவர்களுக்குக் குத்தகையாக விடப்பட்டன. அத்தலைவருக்குக் காங்ச்சு என்று பெயர். அவருடைய குடியிருப்பே கங்கார். அவருக்கு அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஆகியவற்றின் உரிமையும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. கூலியாள் பகலில் சம்பாதித்ததை இரவில் சண்டுக் குழாயில் புகைத்து, மறுபடியும் அவரிடமே கடன்பட்டான். 1917ஆம் ஆண்டில்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது.

அந்த அபின் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் ஆங்கிலேய சர்க்காரின் ஆலைகளில் தயாராகிக் கல்கத்தாவில் ஏலம் போட்டுக் கப்பலேற்றப்பட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியேற்றங்களின் சர்க்கார் வருமானத்தில் பல ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி இந்த அபினிலிருந்தே வந்தது. வருமானத்தில் பாதியை விட்டுக்கொடு என்று ஒரு சர்க்காரிடம் கேட்பது எளிதான காரியமா?

ஆயினும் கேட்டார்கள். பினாங்கில் பிறந்த டாக்டர் ங்கோ லீன் தக் அவர்கள் அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1906ஆம் ஆண்டில் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு கூடியது. டாக்டர்களும் வணிகர்களும் ஊர்ப் பெரியவர்களும் பணம் திரட்டிச் சிகிச்சை நிலையங்கள் நடத்தினார்கள். அதன் பலன் என்ன? 1907ஆம் ஆண்டில் அந்த டாக்டரின் மருந்தகத்தில் இருந்த ஓர் அவுன்ஸ் அபின் மருந்தைக் காரணம் காட்டி, அவர்மீதே வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள்! அவர் மலாயாவை விட்டுச் சீனாவுக்குச் சென்றார். 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய பிளேக் நோயைக் கட்டுப்படுத்தி, வூ லியன் தே என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார்.

சர்க்கார் 1907இல் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. அதன் முடிவு தடைக்குச் சாதகமாக அமையவில்லை. 1910இல் குத்தகைதாரரிடமிருந்த அபின் வியாபாரத்தைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் சர்க்காரின் சண்டு ஆலை எழுந்தது. அதனருகிலுள்ள குன்று இன்றும் புக்கிட் சண்டு என்றே அழைக்கப்படுகின்றது. கேட்டவர்கள் மனம் உடைந்தார்களா? இல்லை. 1933இல் டாக்டர் சென் சு லான் அவர்கள் சிங்கப்பூரில் அபின் நோயாளிகளுக்கென மருத்துவ நிலையம் திறந்தார். மனுக்கள் போய்க்கொண்டேயிருந்தன. உலக நாடுகளின் நிர்ப்பந்தமும் கூடியது. கடைசியில் 1943 நவம்பரில், யுத்தத்துக்குப் பின் இப்பகுதிகளில் அபின் புகைப்பது முற்றாகத் தடை செய்யப்படும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. 1946இல் தடை அமலுக்கு வந்தது. ஈப்போ மாநாட்டிலிருந்து எண்ணினால் சரியாக நாற்பது ஆண்டுகள்!

நம் தமிழ்த் தொழிலாளரும் சும்மா இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்ட வேலைநிறுத்தங்களில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. யுத்தத்துக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். ஏழைத் தோட்டத் தொழிலாளிக்கு இருந்த துணிச்சல், கல்லாப்பெட்டி முன் அமர்ந்திருக்கும் நமக்கு இருக்க வேண்டாமா?

அண்மைக் கால உதாரணங்கள்

பழங்கதையோடு நிறுத்த வேண்டாம். தடை வந்தபின் ஹெராயின் வந்தது. 1976இல் பெமாடாம் சங்கம் தோன்றியது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் முதன்மையான எதிரி என்று அறிவிக்கப்பட்டு, சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமும் இயற்றப்பட்டது. பிடித்து அடைப்பதே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தது. இதற்கிடையே ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் எய்ட்ஸ் கிருமி பரவி, 2002ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக ஏறத்தாழ 7,000 பேரிடம் அக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

அப்போது மலேசிய எய்ட்ஸ் மன்றத்தினரும் டாக்டர்களும், போதையிலிருந்து மீண்டவர்களும் சேர்ந்து சர்க்காரின் கதவைத் தட்டினார்கள். எதிர்ப்பும் இருந்தது, சமயத்தின் பேராலும் எதிர்ப்பு வந்தது. ஆயினும் 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் ஊசி மாற்றித் தரும் திட்டமும் ஆரம்பமாயின. மெத்தடோன் என்பது டாக்டரின் மேற்பார்வையில் அளந்து கொடுக்கப்படும் மருந்து. ஹெராயின் தேடி அலையும் தவிப்பை அடக்கி, ஆளை வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பி விடுகின்றது. பத்தாண்டுகளுக்குள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் புதிய எய்ட்ஸ் கிருமித் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, மலாயாப் பல்கலைக்கழக டாக்டர்களின் துணையுடன் மெத்தடோன் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மருந்தும் தொழுகையும் ஒரே வாசலில்! எந்த இடத்திலிருந்து துரத்தப்படுவோம் என்று அஞ்சினார்களோ, அந்த இடமே அவர்களை வரவேற்றது.

கடல் கடந்தும் ஒரு பாடம் உண்டு. அது வியாபாரிகளாகிய நமக்கே உரிய பாடம். அமெரிக்காவில் பர்டியூ என்னும் மருந்துக் கம்பெனி 1996இல் ஆக்ஸிகாண்டின் என்ற வலிநிவாரணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அபின் வர்க்க மருந்து. பழக்கத்துக்கு அடிமையாக்கும் அபாயம் இதில் குறைவு என்று சொல்லி விற்றார்கள். அது பொய். 2007இல் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சரக்கின் குறையை மறைத்து விற்காதே என்று நம் மார்க்கம் சொன்னதை மீறினால் விளைவு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். பின்னர் ஃபென்டனில் வந்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் போதை மிகுந்து மாண்டவர்கள் 1,00,000க்கும் அதிகம்.

அங்கே பிள்ளைகளை இழந்த தாய்தந்தையர் வெட்கத்தை உதறிவிட்டு, பிள்ளைகளின் புகைப்படங்களைக் கையில் ஏந்தித் தலைநகர் வாஷிங்டனில் பேரணி நடத்தினார்கள். ஊர் ஊராகச் சட்டமன்றங்களில் போய்ச் சாட்சி சொன்னார்கள். உதவிக்கு அழைப்பவரைக் காக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் வந்தன. 2023இல் நலோக்ஸோன் மூக்கு மருந்தை டாக்டர் சீட்டில்லாமலே கடையில் வாங்க அனுமதி கிடைத்தது. 2024இல் மரணங்கள் ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தன. இறக்கத்துக்குக் காரணங்கள் பல உண்டு. மருந்து பரவலாகக் கைக்கு எட்டியதும் அவற்றுள் ஒன்றென்று கருதுகிறார்கள்.

ஒரே கப்பலின் பிரயாணிகள்

நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஓர் உவமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இருக்கிறார்கள். தண்ணீருக்காக மேலே போய் வருவது தொல்லையென்று கீழே உள்ளவர்கள் அடியில் துளையிட முனைகிறார்கள். மேலே உள்ளவர்கள் பேசாதிருந்தால் யாவரும் மூழ்குவர். தடுத்தால் யாவரும் பிழைப்பர். தடுப்பது என்றால் கையைப் பிடித்துக்கொள்வது மட்டுந்தானா? கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் கிடைக்க வழி செய்வதும் அதில் அடங்குமென்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஆகவே நம் சங்கம் ஒரு மகஜர் தயாரிக்க வேண்டும். அதில் நான்கு கோரிக்கைகள் இருக்கட்டும்.

முதலாவது: நலோக்ஸோன் நம் வட்டாரத்துக் கிளினிக்குகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் எப்போதும் இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற குடும்பத்தார் கையிலும் அது கிடைக்க வேண்டும்.

இரண்டாவது: ஓர் உயிரைக் காக்க 999க்கு அழைப்பவர் மீதும், காப்பாற்றப்பட்டவர் மீதும், போதையைப் பயன்படுத்திய குற்றத்துக்காக வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதி சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது: மெத்தடோன் சிகிச்சை சிற்றூர்களில் வேலைக்குப் போவோருக்கு வசதியான நேரத்தில் கிடைக்க வேண்டும். சிறையிலும் மையங்களிலும் இருப்பவருக்கு அது தடைபடாமல் தொடரவும், வெளியேறும் நாளில் அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கை குடும்பத்துக்குக் கிடைக்கவும் வேண்டும்.

நான்காவது: இத்தகைய மரணங்களை, பெயர் வெளியிடாமல், மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.

இதைச் செனாய்த் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும், கூலாய் நாடாளுமன்ற உறுப்பினரிடமும், மாவட்டச் சுகாதார அலுவலகத்திலும் நேரில் கொடுப்போம். 1983ஆம் ஆண்டின் சட்டம் 2024இல் நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்டதை நாம் கண்டோம். திருத்தக்கூடிய சட்டத்தைத்தான் திருத்தும்படி கேட்கிறோம். கையொப்பம் வாங்கச் செல்கையில் பக்கத்துக் கடைச் சீனரிடமும், கோயில் நிர்வாகிகளிடமும், மலாய்ச் சகோதரர்களிடமும் செல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்துக்கு இனம் ஏது? முதல் பதில் திருப்தியாக இராவிட்டால் அடுத்த மாதமும் போவோம். முன்னோர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதை மறக்க வேண்டாம்.

நம் கை சுத்தமாகட்டும்

பிறரிடம் கேட்குமுன் நம் கல்லாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுவின் விஷயத்தில் குடிப்பவரோடு மட்டும் நிறுத்தாமல், பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் எனப் பத்து வகையினரைப் பெருமானார் கண்டித்திருக்கிறார்கள். கெத்தும் தண்ணீரைப் பொட்டலம் கட்டி விற்பதும், கொடீன் கலந்த இருமல் மருந்தைச் சீட்டில்லாமல் கேட்டவருக்கெல்லாம் நீட்டுவதும் எந்தக் கணக்கில் சேரும்? சட்டமும் அதை அனுமதிக்கவில்லை, மார்க்கமும் அனுமதிக்கவில்லை. அந்தக் காசில் பரக்கத் இராது.

அடுத்து, வேலை. மீண்டு வந்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் அவன் பழைய கூட்டத்துக்கே திரும்புவான். உணவுக்கடையிலோ கிட்டங்கியிலோ அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள். முதல் நாளே கல்லாச் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. காலையில் மெத்தடோன் வாங்கிவர அரைமணி நேர அனுமதி கொடுங்கள். அது மனிதனுக்குச் செய்யும் கடன்; ஆண்டவனிடம் திரும்பக் கிடைக்கும் கடன்.

“இப்படியெல்லாம் செய்தால் பாவத்துக்குத் துணிச்சல் கொடுத்ததாகாதா?” என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். ஆற்றில் மூழ்குபவனைக் கரையேற்றுவது, ஆற்றில் குதிக்கச் சொல்வதாகுமா? தவ்பாவின் வாசல் உயிர் தொண்டைக் குழியை எட்டும்வரை திறந்திருக்கின்றது என்று நம்புகிறோம். இறந்துவிட்டவன் எங்கே தவ்பா செய்வான்? அவனுக்கு இன்னும் ஒரு நாள் வாங்கிக் கொடுப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி.

ஆகஸ்டு 31ஆம் தேதி நம் நாட்டின் சுதந்திர தினம். அதே தேதியை, போதை மிகுந்து மாண்டவர்களின் நினைவு தினமாக 2001இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடங்கி வைத்தார்கள். இன்று பல நாடுகளில் அது அனுஷ்டிக்கப்படுகின்றது. கொடியேற்றி மகிழும் அந்நாளில், அடிமைத்தளையிலேயே உயிர்நீத்த நம் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்வோம். மகஜரை அந்த வாரத்திலேயே கொடுப்பது பொருத்தமாயிருக்கும்.

யா அல்லாஹ்! இந்நோயில் சிக்கித் தவிப்போருக்குப் பூரண சுகத்தை அளிப்பாயாக! இதில் மாண்டோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! அவர்களைப் பெற்றோரின் உள்ளங்களுக்கு ஆறுதலை இறக்குவாயாக! ஆட்சியிலிருப்போரின் நெஞ்சங்களை இரக்கத்தின் பக்கம் திருப்புவாயாக! எங்கள் வணிகத்தை ஹலாலானதாகவும், எங்கள் நாவைச் சபிக்காததாகவும், எங்கள் கால்களை நியாயம் கேட்க நடப்பவையாகவும் ஆக்கியருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.